மூன்று வரிக்கு மேற்பட்ட கடிதங்கள்

என் தந்தை தன் மகனிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்பது கடிதங்கள் எழுதினார். அவர் உயிரோடிருந்த நாளில் அவற்றில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. வழியில் அவற்றைத் தடுத்தது நான் எழுதிய ஒரு வரிக் கட்டளை. இவ்வளவு சுருக்கமாக இதை எழுத எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் என் வேலை. சிறிய இணையச் சேவை நிறுவனம். எழுவான்கரையிலுள்ள கடைகளுக்கும் வீடுகளுக்கும் கம்பி வழியாகவும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு வானலை வழியாகவும் இணைப்புக் கொடுக்கிறோம். எங்கள் கூரையில் வானலையை அனுப்பி வாங்கும் ஒரு தட்டு. கொக்கட்டிச்சோலைப் பக்கமாக ஒரு கோபுரத்தில் அதைப் பார்த்தபடி இன்னொரு தட்டு. அந்தக் கோபுரத்தை நம்பியிருந்தவை பத்துப் பன்னிரண்டு இணைப்புகள்தான். அவற்றில் ஒன்று, வயல் வட்டையின் ஓரத்தில் இருந்த எங்கள் வீடு. அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் நான் பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்து வருவேன்.

அப்பாவுக்குக் காது கேட்காது. ஐம்பது வயதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் முற்றாகப் போய்விட்டது. காதில் மாட்டும் கருவி விசிலடிக்கிறது என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அவரோடு பேசுவதற்கு ஒரு கொப்பி வைத்திருந்தோம். நாங்கள் அதில் எழுதுவோம். அவர் வாயால் பதில் சொல்வார். அதனால் அந்தக் கொப்பியை யாராவது வாசித்தால், ஒரு பக்கம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த குடும்பம் என்றுதான் நினைப்பார்கள்.

அம்மா இறந்தபோது தம்பி கட்டாரில் இருந்தான். அவன் வரவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தான். அப்பா என் கையிலிருந்து அதை வாங்கினார். அவருக்கு எதுவும் கேட்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் தம்பி எதையோ விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா அவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. அவன் பேசுகிறான் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

"தாயிட முகத்தப் பார்க்க வராதவன் இனி வரத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் காதில் வைத்தபோது இணைப்பு அறுந்திருந்தது.

அதன் பிறகு தம்பி என்னோடு பேசுவான், அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டான். ஏன் வரவில்லை என்று நான் கேட்ட இரண்டு தடவையும் பேச்சை மாற்றினான். வருடம் ஒன்று போனது.

ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த காத்தான்குடிக்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். தம்பி கொடுத்துவிட்ட பொதியைக் கொண்டு, ஆட்டோ பிடித்து எங்கள் வீடுவரை வந்தார். நானும் அன்று அங்கேயிருந்தேன். அப்பாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும், என்னிடம் கொப்பியை வாங்கி எழுதத் தொடங்கினார். அவர் எழுதியது நான்கு வரி. தாய் இறந்த செய்தி வந்த அன்று தம்பியின் கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்தது, தரமாட்டேன் என்றார்கள், மூன்று நாள் அந்த அலுவலகத்தின் வாசலில் நின்றான், மூன்றாம் நாள் அங்கே நின்றபடிதான் வீட்டுக்கு அழைத்தான்.

அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு அந்தத் தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான்:

"எனக்குத் தமிழ்ல எழுதி அனுப்புற மாதிரி ஒண்டு செஞ்சு தா புள்ள."

கைபேசித் திரை அவர் கண்ணுக்குச் சிறிது, விரலுக்கும் சிறிது. அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய மடிக்கணினி ஒன்றைத் திருத்தி, விசைகளில் தமிழ் எழுத்துகளை ஒட்டி, மின்னஞ்சல் மென்பொருளைப் பெரிய எழுத்தில் திறக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். அதில் ஒரேயொரு முகவரி இருந்தது. எழுதி முடித்ததும் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் காட்டினேன். போகாமல் தங்கிய கடிதங்கள் எங்கே கிடக்கும் என்று காட்டவில்லை. அது அவருக்குத் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

இரு கைகளிலும் ஒவ்வொரு விரலால் எழுதினார். எழுதும்போது நான் அறைக்குள் வந்தால் திரையைப் பாதி சாய்ப்பார். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கொப்பியில் கேட்டேன். "அது எனக்கும் அவனுக்கும்" என்றார். நான் அதை மதித்தேன். என் தொழிலிலும் அதுவே ஒழுக்கம். கடந்து போகும் பொதியின் முகவரியைப் பார்ப்போம், அளவைப் பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு அவர் சொன்னார்: "கடிதம் போறதுக்குச் சுணங்குது புள்ள. நான் மூடிப்போட்டுப் படுத்துர்றன்."

நான் கணினியை எடுத்து வைத்துக்கொண்டு சோதித்தேன். இந்த இடத்தை நான் ஒவ்வொரு நாளும் திரும்பப் பார்க்கிறேன். என் சொந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஒரே ஒரு சொல், ஆங்கிலத்தில்: டெஸ்ட். உலகம் முழுவதும் என்னைப் போன்றவர்கள் அப்படித்தான் சோதிக்கிறார்கள். நொடிக்குள் என் கைபேசியில் வந்து விழுந்தது. கொப்பியில் பெரிதாக எழுதினேன்: எல்லாம் சரி அப்பா. அவர் அதை வாசித்துத் தலையாட்டினார். என் சொல்லை அவர் சந்தேகித்ததில்லை.

அடுத்த வாரம் அவராகவே சொன்னார்: "நான் எழுதினது கிடைச்சுதா எண்டு கேட்டன். கிடைச்சுது எண்டு எழுதியிருக்கான்."

நல்லதுதானே என்று எழுதினேன்.

"ஓம்" என்றார். கொப்பியை மூடினார். "வேறொண்டும் எழுதல்ல" என்றார்.

அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தகப்பனும் மகனும் மறுபடி எழுதிக்கொள்கிறார்கள் என்ற நிம்மதியோடு நான் பாலத்தைக் கடந்து வந்தேன்.

அந்த மாரி முடிந்து, அறுவடைக்கு இயந்திரங்கள் வந்திருந்த காலத்தில் அப்பா இறந்தார். காலையில் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவரைப் பக்கத்து வீட்டார் தூக்கிப்போனார்கள். பாலத்துக்கு வரும்போதே முடிந்துவிட்டது. இந்தமுறை தம்பி வந்தான். முதலாளி மாறியிருந்தார், கடவுச்சீட்டு அவன் கையிலேயே இருந்தது. கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் சடங்குவரை நின்றான். திரும்பிப் போகிற அன்று பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னான்:

"கடைசி வரைக்கும் மூணு வரிக்கு மேல எழுதல்ல அக்கா. நலம், மழை இல்ல, நெல்லு விதைச்சாச்சு. அவ்வளவுதான். அம்மாட விசயத்த அவர் மறக்கல்ல."

அப்பாவின் சுபாவமே அதுதானே, கையால் எழுதினாலும் அவர் அவ்வளவுதான் எழுதுவார் என்று ஆறுதல் சொன்னேன். நான் சொன்னது உண்மையல்ல. அவர் ஒரு விண்ணப்பத்தைக்கூட இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதியவர். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. தம்பி தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, படுவான்கரைக் கோபுரத்தில் இணைந்திருந்த ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது. விவசாயிகளுக்கு விண்ணப்பங்கள் தட்டச்சுச் செய்து அனுப்பிக் கொடுக்கும் போட்டோகொப்பிக் கடை. அதை நடத்திய பெண் முன்பும் இரண்டு மூன்று தடவை முறையிட்டிருந்தார். படம் ஏறவில்லை, விண்ணப்பப் பாரம் போகவில்லை என்பார். மழை, அலை பலவீனம் என்று நாங்கள் சமாதானம் சொல்லியிருந்தோம். அன்று வெயில் எரித்தது. அவருக்குப் பொறுமை போயிருந்தது.

"மிஸ், ஒண்டு கேக்கன், கோவிக்காதீங்க. உங்கட இன்டர்நெட்டுக்கு இங்கிலீசு மட்டும்தான் தெரியுமோ? இங்கிலீசில அடிச்சா ஓடுது. தமிழ்ல அடிச்சா முழுங்கிட்டு இருக்குது."

ஒலிபெருக்கியில் கேட்டு அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு பாதியில் நின்றது.

ஏனென்றால் அது சரியான முறைப்பாடு. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழுக்கு மூன்று மடங்கு வேண்டும். எழுத்துக்கு மூன்று, அதன் குறிக்கு மூன்று என 'போ' என்ற ஓரெழுத்துச் சொல்லே ஆறு பைட். அஞ்சலில் போவதற்காக மாற்றி எழுதப்படும்போது அது இன்னும் பெருக்கும். ஒரே செய்தியை இரண்டு மொழியில் எழுதினால், தமிழ்க் கடிதம் எடை கூடியது. எடை குறைந்தது போகிறது, கூடியது போகவில்லை என்றால், மொழியில் குற்றமில்லை. வழியில் எங்கோ அளவில் குற்றம்.

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. துண்டு துண்டாகப் பொதிசெய்யப்பட்டே போகிறது. ஒரு பொதி வழக்கமாக ஆயிரத்து ஐந்நூறு பைட் வரை இருக்கலாம். சென்ற மாரிக்கு முன்னர் வாவியைக் கடக்கும் அலைவழியைப் பாதுகாப்பாக்குவதற்காக, ஒவ்வொரு பொதியையும் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும்படி மாற்றியிருந்தோம். உறைக்கும் இடம் வேண்டும் அல்லவா. ஆகவே உள்ளே போகும் பொதி சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். நகரத்திலிருந்து கிராமத்துக்கு வருகிற பொதிகளின் அளவைக் குறைக்கக் கட்டளை போட்டிருந்தோம். கிராமத்திலிருந்து வெளியே போகிற பக்கத்துக்குப் போட மறந்திருந்தோம். இணையம் என்றால் எல்லோரும் பார்ப்பதும் இறக்குவதும்தான் என்று நினைத்திருந்தோம். அங்கிருந்து யாராவது எதையாவது அனுப்பவும் கூடும் என்பதை நாங்கள் போதுமான அளவு நினைக்கவில்லை.

அப்படி மறந்தாலும் பழுதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெரிய பொதியொன்று உறைக்குள் அடங்காதபோது, வழியிலுள்ள ரவுட்டர் என்னும் வழிப்படுத்தும் கருவி அதை அனுப்பியவருக்கே ஒரு சிறு அறிவித்தலைத் திருப்பியனுப்பும்: இது பெரிதாக இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பு. அனுப்பும் கணினி உடனே சிறு துண்டுகளாக்கி மறுபடி அனுப்பும். மனிதருக்குத் தெரியாமலேயே எல்லாம் நடந்துவிடும்.

கடையின் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கி, பிங் என்னும் சோதனைப் பொதிகளைக் கோபுரத்துக்கு அப்பாலிருந்து நகரத்தை நோக்கி அனுப்பத் தொடங்கினேன். துண்டாக்கக்கூடாது என்ற குறிப்போடு, முதலில் ஆயிரம் பைட். பதில் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு. பதில் இல்லை. ஆயிரத்து இருநூற்றைம்பது. வந்தது. ஆயிரத்து நானூற்றைம்பது. இல்லை. இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஓர் எண் கிடைக்கும். அதுவரை போகிறது, அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் மறைந்துபோகிறது. பிழை என்று ஒரு செய்தி வந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே வரவில்லை. பெரிது என்ற அந்த அறிவித்தலை யாரோ நடுவழியில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கிராமப் பக்கத்து ரவுட்டரின் வடிகட்டியை, எதை விடுவது எதை மறிப்பது என்ற கட்டளைப் பட்டியலை, திறந்தேன். நான்காவது வரி. வெளியிலிருந்து யாரோ எங்கள் கருவிகளை விடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், ரவுட்டர் தானாகத் திருப்பியனுப்பும் செய்திகள் எல்லாவற்றையும் மறுக்கும்படி எழுதப்பட்ட கட்டளை. தட்டியவருக்குப் போகும் பதிலும் பெரிது என்று சொல்லும் அறிவித்தலும் ஒரே இனம். ஒன்றுக்குப் பயந்து இனத்தையே மறித்திருந்தது அந்த வரி. அருகில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம். குறிப்பின் கீழே என் பெயரின் முதலெழுத்துகள்.

நான் வாசித்த நாவல்களில் கடிதங்கள் தவறிப்போவதற்கு ஒரு கெட்டவர் வேண்டும். அவர் உறையைப் பிரிப்பார், தீயில் போடுவார். ஒழுங்காக வேலைக்கு வந்து, கதவை நன்றாகப் பூட்டிவிட்டுப் போன ஒருத்தியால் அது நடக்கும் என்று நான் எங்கும் வாசித்ததில்லை.

வரியை மாற்றினேன். மறந்திருந்த கட்டளையையும் சேர்த்தேன். கடைக்காரப் பெண்ணை அழைத்துத் தமிழில் ஒன்று அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். "ஓம் மிஸ், பறக்குது. பாஸாகிட்டுது உங்கட லைன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு, அரை நாள் விடுமுறை எழுதிவைத்து, பாலத்தைக் கடந்தேன்.

வீட்டைத் திறந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. கணினி அலுமாரிக்குள், காதுக் கருவிக்குப் பக்கத்தில் இருந்தது. மின்னேற்றக் கம்பியைச் செருகித் திறந்தேன். மென்பொருள் தானாக எழுந்தது. கீழ் மூலையில் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி ஓடியது. அனுப்பப்படுகிறது, ஒன்பதில் ஒன்று.

என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. இறந்துபோனவரின் கடிதம் முன்னறிவிப்பில்லாமல் அவனிடம் போய் நிற்கப்போகிறதே, முதலில் அவனுக்குச் சொல்ல வேண்டாமா என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் ஒன்பதில் மூன்று என்று வந்தது. அப்பா எழுதியது எனக்கல்ல. அதை மறிக்க எனக்கு இரண்டாம் தடவையும் உரிமை இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பதும் போய் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் அவர் மூடிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்ட கடிதங்கள்.

ஒன்றையும் நான் திறக்கவில்லை. ஆனால் போய்விட்டவற்றின் பட்டியலில், நெடிய கடிதங்களும் குறுங்கடிதங்களும் திகதி வரிசையில் தெரிந்தன. ஒவ்வொரு நெடுங்கடிதத்துக்கும் இரண்டு மூன்று நாள் கழித்து, அன்றே போய்ச் சேர்ந்த ஒரு குறுங்கடிதம். அவற்றில் ஒன்று, திறக்காமலே முழுவதும் தெரியும் அளவுக்குச் சிறியது: மகன், நான் எழுதியது கிடைத்ததா?

தம்பி அப்போது எதைக் கிடைத்தது என்று நினைத்திருப்பான் என்று எனக்குப் புரிந்தது. மழை இல்லை, நெல் விதைத்தாயிற்று என்ற முந்தைய மூன்று வரியை. கிடைச்சுது என்று எழுதினான். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா, தன் மன்னிப்பை மகன் வாசித்துவிட்டான், வாசித்தும் அதற்கு ஒரு சொல் எழுதவில்லை என்று இருந்தார். அதற்குப் பிறகும் ஆறு கடிதங்கள் எழுதியிருக்கிறார்.

அன்று மாலையே தம்பி அழைத்தான். அப்பாவின் கடிதங்கள் வந்திருக்கின்றன என்றான். பிறகு ஒரேயொரு இடத்தை வாசித்துக் காட்டினான். அப்பா எழுதியிருந்தது இது: அன்று நீ தொலைபேசியில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும் நான் பேசினேன். நீ சொன்னதை இப்போது எழுது மகன், நான் வாசிக்கிறேன்.

"இது ஏன் அக்கா இப்ப வருது?" என்று கேட்டான்.

தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எழுதுகிறேன் என்றேன். அன்றே எழுதினேன்: உறை, அளவு, வடிகட்டி, நான்காவது வரி, என் முதலெழுத்துகள், ஆங்கிலத்தில் நான் செய்த சோதனை, கொப்பியில் எழுதிய 'எல்லாம் சரி'. எதையும் விடவில்லை. நீண்ட கடிதம். அனுப்பினேன்.

ஒரு நாள் பதிலில்லை. இரண்டு நாள். மூன்றாம் நாளும் இல்லை. அப்பா அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பார் என்பதை அந்த மூன்று நாளில்தான் அறிந்தேன். அவன் என்னை மன்னிக்கவில்லை என்று முடிவுசெய்வது எளிதாக இருந்தது. அப்படி முடிவுசெய்துவிட்டு வேலைக்குப் போய் வந்திருக்கலாம். நான்காம் நாள் மதிய இடைவேளையில், மாடிப்படியில் நின்றுகொண்டு அவனை அழைத்தேன். எடுத்தான்.

"கிடைச்சுதா?" என்று கேட்டேன். "எந்தக் கடிதம் எண்டு சொல்லு. எல்லாத்திலயும் நீளமானது. அது கிடைச்சுதா?"

"கிடைச்சுது அக்கா. வாசிச்சன்." மூச்சை இழுத்துவிட்டான். "பெரிசா இருந்திச்சு. ஒரேயடியா எடுக்க ஏலாமக் கிடந்திச்சு. அதான் ஒண்டும் எழுதல்ல. கோவமா எண்டு கேட்டா, ஓம், கோவந்தான். போன வையாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க."

படிக்கட்டில் உட்கார்ந்தேன். காத்தான்குடிக்காரர் வந்த நாளிலிருந்து தொடங்கினேன். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தது வரைக்கும் சொல்லி நிறுத்தி, கேட்குதா தம்பி என்றேன்.

"ஓம்" என்றான். "மறுகா? மறுகா என்ன நடந்திச்சு?"